ஹார்னெட் துப்பாக்கியால் சத்தமில்லாமல் சுடப் போய் உங்களுக்கு என்ன ஆனது?

முயல்மேடு:
நாலு குளிர்காலம் போய்விட்டது, அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. நியூசிலாந்தில் சென்ட்ரல் ஒட்டாகோ பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணை. அங்கே முயல் தொல்லை எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பண்ணைக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டைப் பார்த்து விடியற்காலையில் சுடலாம், ஆனால் வீட்டில் கைக்குழந்தை, யாரும் விழித்துக்கொள்ளக் கூடாது.

.22 ஹார்னெட் துப்பாக்கி, 45 கிரெயின் (கிட்டத்தட்ட 3 கிராம்) ஈயப் புல்லட், சத்தத்தைக் குறைக்கிற சப்ரஸர். தோட்டாவை நானே, புல்லட் ஒலியைவிட மெதுவாகப் போகிற மாதிரி, பிப்ரவரியில் நிரப்பினேன். அன்று வெயில் 24 டிகிரி. வேகம் அளக்கிற குரோனோகிராஃபில் சராசரி நொடிக்கு 325 மீட்டர். சுட்டால் ஃபயரிங் பின்னின் 'டிக்'கும் புல்லட் மண்ணில் புதைகிற 'பொத்'தும்தான். 50 மீட்டரில் ஐந்தும் ஒரு நாணயத்துக்குள் விழுந்தன. பெருமை தாங்காமல் ஐம்பது தோட்டா நிரப்பிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஜூலையில் போனேன். மைனஸ் 4. புல்லை மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. முதல் முயல் 40 மீட்டரில் காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுட்டேன். சடார்! சாட்டையைச் சொடுக்கிய மாதிரி ஒரு சத்தம், மேட்டில் பட்டு இன்னொரு தரம் திரும்பி வந்தது. மூன்று நாயும் குரைத்தன. சமையலறை விளக்கு எரிந்தது. ஜன்னல் திரை மெல்ல விலகியது. யார் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. நான் புல்லில் குப்புறப் படுத்தபடியே கிடந்தேன், திருடன் மாதிரி.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். புல்லட் ஒலியை முந்தினால்தான் அந்தச் சாட்டைச் சத்தம் வரும். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். மைனஸ் நாலில் வெறும் 329. என் தோட்டா மாறவில்லை, ஒலிதான் இறங்கி வந்து அதன் பக்கத்தில் நின்றுவிட்டது. உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். தோட்டாவுக்குள் போட்ட வெடிமருந்துப் பவுடரின் பெயரும் எடையும் கேட்காதீர்கள், தரமாட்டேன். அதற்குத்தான் தோட்டா நிரப்புகிற அளவுப் புத்தகம் இருக்கிறது.

பட்டறைராத்திரி:
உங்களுக்குச் சத்தம் அதிகமானது, எனக்குக் குறைந்தது. டெக்சாஸ். செம்பு உறை போட்ட புல்லட் ஒரு டப்பா மிச்சம் இருந்தது, அதையே மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம் என்று பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனேன். ஆமாம், புத்தகத்தில் இருக்கிற அளவுக்கும் கீழே. திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும்.

ஏழாவது தோட்டா. 'டொக்'. இவ்வளவு அமைதியா என்று எனக்கு ஒரே சந்தோஷம்! போல்ட்டை இழுத்தேன், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கேஸ் விழுந்தது, அடுத்ததை வைத்துப் பாதி தள்ளிவிட்டேன். பக்கத்து மேஜையில் தொலைநோக்கியோடு இருந்த பெரியவர், என் பக்கம் திரும்பாமலேயே, "காகிதத்தில் ஆறுதான் இருக்கிறது" என்றார்.

என் கை அங்கேயே நின்றுவிட்டது. போல்ட்டைக் கழற்றிவிட்டு, புல்லட் வெளியே வருகிற முகவாய்ப் பக்கமாகத் துடைக்கும் கம்பியை விட்டேன். போய்க்கொண்டே இருந்தது, அப்புறம் 'டங்' என்று நின்றது. புல்லட் பேரலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டிருந்தால் பேரலே வெடித்திருக்கலாம். அந்தக் கம்பி நின்ற இடத்தை விரலால் பிடித்து, பேரலுக்கு வெளியே வைத்து அளந்து பார்த்தேன். அந்த நேரம் என் முகத்துக்கும் அந்த இடத்துக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். அன்றைக்கு அவர் டீ குடிக்கப் போயிருந்தால்?

தராசுக்காரன்:
முயல்மேடு தம்பி, உங்கள் கணக்கு பாதிதான் சரி. குளிரில் ஒலி மட்டும் மெதுவாகாது, பவுடரும் சோம்பல் பிடித்து எரியும். அப்படியானால் உங்கள் தோட்டாவும் வேகம் இழந்திருக்க வேண்டுமே? இரண்டு கேள்வி. ஒன்று, தோட்டா எங்கே இருந்தது? சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் இருந்தது என்றால் பவுடருக்குக் குளிரே தெரியாது. இரண்டு, சராசரி 325 என்கிறீர்கள், அதிகபட்சம் எவ்வளவு? சராசரியை வைத்துக்கொண்டு சப்சோனிக், அதாவது ஒலியைவிட மெதுவான தோட்டா, நிரப்பக் கூடாது. பத்துத் தோட்டாவில் வேகமான அந்த ஒன்றுதான் நாயை எழுப்பும்.

என் அனுபவம் சின்னது. ஒரு ராத்திரி போனில் பேசிக்கொண்டே நிரப்பினேன். டார்ச் அடித்துப் பார்க்கும்போது ஐம்பது கேஸில் ஒன்றில் மட்டும் பவுடர் மேலே ஏறி நின்றது. இரண்டு தரம் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

ஹார்னெட் 1930-ல் கடைக்கு வந்த தோட்டா. கேஸ் அதற்கும் முந்தியது, கரும்பவுடர் காலத்து .22 டபிள்யூசிஎஃப் என்கிற தோட்டாவினுடையது. முழு வேகத்தில் ஓட்டினால் கேஸ் கிட்டத்தட்ட நிரம்பிவிடும், தப்பு நடந்தால் வழிந்து காட்டிக்கொடுக்கும். சத்தமில்லாத லோடில் அடியில் ஒரு சிட்டிகைதான். இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது, மூன்று மடங்கும் உள்ளே போய்விடும் சில பவுடரில். அதனால் கேஸ்களைக் கட்டையில் வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி, எல்லாவற்றிலும் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, அப்புறம்தான் புல்லட் வைக்க வேண்டும். மேஜையில் ஒரு பவுடர் டப்பாதான் இருக்கலாம். போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

பட்டறைராத்திரி, உங்களைத் திட்டப் போவதில்லை. ஆனால் செம்பு உறைக்குப் பேரலில் உராய்வு அதிகம், மெதுவாக ஓட்டினால் நிற்கத்தான் செய்யும். மெதுவான வேலைக்கு ஈயம். குறைந்தபட்ச அளவு என்று அச்சடித்திருப்பது அழகுக்கு இல்லை.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மெதுவான ஈயப் புல்லட் சிதறாது. உறைந்த மண்ணிலோ கல்லிலோ சாய்வாகப் பட்டால், குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி தாவிப் போகும். சத்தம் இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று ஆகாது. முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் விரலை எடுத்துவிடுங்கள். அப்புறம் 50 மீட்டருக்குச் சரிசெய்த ஸ்கோப்போடு 100 மீட்டரில் சுட்டுவிட்டு, குறி தப்பியது என்று தோட்டாவைக் குறை சொல்லாதீர்கள். அதற்குள் ஒரு சாண் இறங்கியிருக்கும்.

கழுத்துமடிப்பு:
தராசு ஐயா, உங்கள் அனுபவம் நாலு வரி, அறிவுரை நாற்பது வரி. :) எனக்கு டார்ச் வரைக்கும் போகிற பாக்கியமே கிடைக்கவில்லை. ஹார்னெட் கேஸின் கழுத்து எவ்வளவு மெல்லிசு என்று தெரியாமல், மற்ற கேஸைப் போலவே, புல்லட்டை உள்ளே தள்ளுகிற பிரஸ் கைப்பிடியை அழுத்தினேன். கையில் ஒரு மெத்தென்ற உணர்வு, இட்லியை அழுத்தின மாதிரி. வெளியே எடுத்தால் கழுத்து மடங்கி, தோள் துருத்தி இருக்கிறது. புல்லட் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. முதல் பன்னிரண்டில் ஐந்து இப்படி. ஈயப் புல்லட் உட்காரக் கேஸின் வாயை முதலில் மயிரிழை விரித்துக்கொடுக்க வேண்டும் என்பது அப்போது யாரும் சொல்லவில்லை. அந்த ஐந்தையும் ஜன்னலோரம் வரிசையாக வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ கலைப்பொருள் என்று நினைக்கிறார்கள்.

கொண்டல்:
ஒன்டாரியோவிலிருந்து. இங்கே சப்ரஸருக்குத் தடை. நான் மெதுவான தோட்டா நிரப்புவது, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடுகிற பழைய சிங்கிள் ஷாட் துவக்குக்காகவும் (துப்பாக்கி) என் காதுக்காகவும்தான்.

தராசு அண்ணை சொன்ன அந்த "அடியில் ஒரு சிட்டிகை" பற்றித்தான் என் கதையும். 50 மீட்டரில் பத்து சுட்டால் ஐந்து மேலே, ஐந்து கீழே. நடுவில் ஒரு விரல் இடைவெளி. ஒரு கூட்டமாக விழாமல் இரண்டு கூட்டம். துவக்கில் பிழையா, கண்ணில் பிழையா என்று இரண்டு மாதம் மண்டையைப் போட்டு உடைத்தேன். ஸ்கோப்பைக்கூட மாற்றிவிட்டேன்.

ஒரு நாள் மனுசி கூட வந்திருந்தா. துவக்கைப் பற்றி அவவுக்கு ஒன்றும் தெரியாது. "நீங்கள் ஒருக்கால் மேலே தூக்கிப்போட்டுச் சுடுறீங்கள், ஒருக்கால் கீழே இருந்து தூக்கிச் சுடுறீங்கள்" என்றா. உண்மைதான். முகவாயை மேலே தூக்கி இறக்கினால் பவுடர், கேஸின் அடியில் தீ மூட்டுகிற ப்ரைமர் பக்கம் சரியும். கீழே இருந்து தூக்கினால் புல்லட் பக்கம் கிடக்கும். குரோனோகிராஃபில் வைத்துப் பார்த்தேன்: நொடிக்கு 25 மீட்டர் வித்தியாசம், ப்ரைமர் பக்கம் சரிந்ததுதான் வேகம். முயல்மேடு, உங்கட சடாருக்கும் இதுதான் காரணமோ தெரியாது. படுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்துச் சுட்டீங்கள் என்றால் முகவாய் மேலேதானே இருந்திருக்கும்?

பத்துப்புள்ளி:
நான் சென்னை, 50 மீட்டர் ரிம்ஃபயர் ரைஃபிள் போட்டிக்காரன். ரிம்ஃபயர் தோட்டாவை நாமாக நிரப்புகிற பேச்சே கிடையாது, வெடிக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் போட்டித் தோட்டாவும் ஒலிவேகத்துக்குக் கீழேதான் ஓடும், அதனால் இங்கே உட்கார்ந்துகொள்கிறேன். பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர். ஒரே கம்பெனி, ஒரே நிறப் பெட்டி, லாட் எண் மட்டும் வேறு. ஒரு பெட்டி முழுக்கப் பத்துக்குள் போனது. அடுத்த பெட்டியில் மூன்றுக்கு ஒன்று ஒன்பது. பயிற்சியாளர் என் மூச்சைக் குறை சொன்னார். நானும் நம்பி ஒரு மாதம் மூச்சுப் பயிற்சி செய்தேன்!

முயல்மேடு:
தராசு அண்ணா, மாட்டிக்கொண்டேன். பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அதிகபட்சம் 333 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது, நான்தான் சராசரிக்குக் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன். தோட்டா சட்டைப் பையில்தான் இருந்தது. கொண்டல் சொன்னதும் பொருந்துகிறது, முகவாய் மேலேதான் இருந்தது.

போன ஜூலையில் அதே மேடு. வேகமானது 315-ஐத் தாண்டாத மாதிரி புதிதாக நிரப்பி, டார்ச் அடித்து, பெட்டியை ராத்திரி முழுக்க வண்டியிலேயே விட்டிருந்தேன். ஆறு தோட்டா, நாலு முயல். ஒரு நாயும் குரைக்கவில்லை. ஆனால் மூன்றாவது தோட்டாவுக்கு அப்புறம் சமையலறை விளக்கு எரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பும்போது தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினேன். இரண்டாவது குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம், அவர்கள் தூங்கவே இல்லையாம்.