முதன்முறையாக நாய்க்கும் பூனைக்கும் தொழில்முறைப் புகைப்படம்: எப்படித் தயார்ப்படுத்துவது?

கேள்வி: நிலாமுற்றம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கருப்பன் என்ற 11 வயது நாயும் சாம்பு என்ற 3 வயதுப் பூனையும் இருக்கின்றன. சென்ற வாரம் கைப்பேசியில் பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், கருப்பனின் முகவாய் எவ்வளவு நரைத்துவிட்டது என்பது எனக்கு உறைத்தது. இத்தனை ஆண்டுகளில் அவனை நன்றாகக் காட்டும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. உடல் முழுவதும் கறுப்பு என்பதால், எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஒரு கரிய உருவமும் அதற்குள் மின்னும் இரண்டு பச்சைப் புள்ளிகளும்தான் தெரிகின்றன. அந்தத் தவிப்பில், விலங்குகளை மட்டுமே படமெடுக்கும் கலைஞர் ஒருவரிடம் இன்னும் மூன்று வாரத்தில் ஒரு நாளைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

இப்போது என் கவலைகளைச் சொல்கிறேன். இடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்பவன் கருப்பன். கைப்பேசியை முகத்துக்கு நேரே தூக்கினாலே தலையைத் திருப்பிக்கொள்கிறான். பின்னங்கால்கள் சற்று விறைத்திருப்பதால், உட்கார்ந்து எழ நேரமாகிறது. இப்படிப்பட்டவனை முன்பின் தெரியாத ஒருவர் முன் நிறுத்துவது கொடுமையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்போது குளிப்பாட்ட வேண்டும், கழுத்துவாரை (பிடித்து நடத்திச் செல்லும் வாரை) கழற்றிவிடலாமா, ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமா, பூனையையும் சேர்த்து ஒரே படத்தில் எடுக்க முடியுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஒளிநிழல்

பல ஆண்டுகளாகச் செல்லப்பிராணிகளைப் படமெடுத்து வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மூன்று வாரம் என்பது மிகவும் நல்ல அவகாசம். பெரும்பாலானோர் முந்தைய நாள் குளிப்பாட்டுவதோடு தயாரிப்பு முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். ஆனால் படத்தில் தெரியப்போவது ரோமத்தின் பளபளப்பைவிட, அந்த உயிர் அங்கே நிம்மதியாக இருந்ததா இல்லையா என்பதுதான். ஆகவே உங்கள் அவகாசத்தின் பெரும்பகுதியை அவனுடைய மனத்துக்காகச் செலவிடுங்கள்.

கைப்பேசியைத் தூக்கியதும் கருப்பன் தலையைத் திருப்புவதற்குப் பிடிவாதம் காரணமன்று. நாய்களின் உலகில் நேருக்கு நேர் வெறித்துப் பார்ப்பது மிரட்டல். லென்ஸ் ஒரு பெரிய, இமைக்காத கண்ணைப் போல அவனை நோக்கி நிற்கிறது; அதே வேளையில் அவன் நம்பியிருக்கும் உங்கள் முகமும் அதற்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. முகத்தைத் திருப்புவதன் மூலம் அவன் "எனக்குச் சண்டை வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்கிறான். இதைப் பழக்கப்படுத்த, தெரிந்தவர்கள் யாரிடமாவது ஒரு பழைய கேமராவை இரவல் வாங்கித் தரையில் வையுங்கள்; அதன் அருகே அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைப் போடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துக் கேமராவைக் கையில் எடுத்து ஒரு துணுக்குத் தாருங்கள். பிறகு மார்புவரை, பிறகு கண்வரை உயர்த்துங்கள். ஷட்டர் சத்தத்தைக் கடைசியாக, அவனிடமிருந்து தள்ளி நின்று அறிமுகப்படுத்துங்கள். ஒவ்வொரு 'கிளிக்' சத்தத்துக்குப் பின்னும் அவனுக்கு ஏதேனும் கிடைக்க வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அவன் எழுந்து போனால் விட்டுவிடுங்கள். திரும்பி வரும் உரிமை அவனுக்கு இருந்தால்தான் அவன் திரும்பி வருவான்.

கறுப்பு ரோமத்தைப் பற்றி நீங்கள் சொன்னது மிகப் பொதுவான சிக்கல். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறப் பிரகாசத்துக்குக் கொண்டுவரவே கேமரா முயலும். வெளிச்சமான பின்னணியில் கறுப்பு நாயை நிறுத்தினால், கேமரா பின்னணிக்கேற்ப எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைத்துவிடும். நாய் வெறும் நிழலாகிவிடும். உச்சிவெயிலிலும் இதே கதைதான், ரோமத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் விழும். பக்கவாட்டிலிருந்து வரும் மென்மையான வெளிச்சம்தான் கறுப்பு ரோமத்தின் ஒவ்வோர் இழையையும் பிரித்துக் காட்டும். இதற்குக் காலை வெயில் ஏறுவதற்கு முன்போ மாலை வெயில் சாய்ந்த பின்போ ஏற்ற நேரம். இந்த நுணுக்கம் உங்கள் கலைஞருக்குத் தெரிந்திருக்கும். என்றாலும் நாய் முழுக் கறுப்பு என்பதை இப்போதே சொல்லி, நேரத்தை அதற்கேற்ப முடிவுசெய்துகொள்ளுங்கள்.

குளியல் இரண்டு நாளுக்கு முன்பு இருக்கட்டும். குளித்த அன்று ரோமம் உப்பி, பஞ்சு போல நிற்கும். இரண்டு நாளில் இயற்கையான எண்ணெய்ப் பசை திரும்பிப் படிந்துவிடும். கறுப்பின் மேல் பொடுகும் தூசியும் நூலிழையும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து படத்தில் பளிச்செனத் தெரியும் என்பதால், மென்மையான பிரஷ்ஷையும் ஈரத் துணியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். கண்ணோரப் பீளையையும் மூக்கின் மேல் ஒட்டியிருக்கும் துகளையும் படமெடுப்பதற்கு முன் நீங்களே துடைத்துவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. பல ஆண்டுகளாகக் கழுத்துப்பட்டை இருந்த இடத்தில் ரோமம் ஒரு பள்ளமாக அழுந்தியிருக்கும். முந்தைய இரவு வீட்டுக்குள் இருக்கும்போது பட்டையைக் கழற்றிவைத்து, காலையில் எதிர்த் திசையில் வாரிவிட்டால் அந்தத் தடம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கழுத்துவாரைப் பொறுத்தவரை, மதிலோ வேலியோ இல்லாத வெளியிடத்தில் எந்தக் காரணத்துக்காகவும் அவிழ்க்காதீர்கள், அவன் எவ்வளவு சொன்னபடி கேட்பவனாக இருந்தாலும் சரி. மெல்லிய, ஒரே நிறத்திலான வாரைக் கழுத்துக்கு மேலாகச் சற்றுத் தளர்வாகப் பிடித்தால் பின்னர் கணினியில் நீக்குவது எளிது. மார்பைச் சுற்றி வரும் பட்டையான ஹார்னஸை நீக்குவதுதான் பெரும்பாடு, ஏனெனில் அதற்குக் கீழே இருந்த ரோமத்தை நாங்கள் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கும்.

தின்பண்டத்தைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். பெரிய துண்டுகளைத் தந்தால் பாதி நேரம் அவன் மென்றுகொண்டிருப்பான், எச்சிலும் ஒழுகும். பட்டினி போட வேண்டாம், வழக்கமான உணவைச் சற்றுக் குறைத்தால் போதும். அன்று வீட்டார் அனைவரும் சேர்ந்து அவன் பெயரைக் கூவுவதும் வேண்டாம். நாலாபுறமும் குரல் கேட்டால் அவன் எங்கே பார்ப்பான்? ஒருவர் மட்டும், லென்ஸுக்கு நேர் பின்னால் நின்று, மெல்ல அழைக்க வேண்டும். அவன் தலையைச் சாய்த்துப் பார்க்கும் அந்த நொடி, இதுவரை கேட்டிராத ஒரு மெல்லிய ஒலிக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதே ஒலி நான்காவது முறை ஒலிக்கும்போது காதுகூட அசையாது. ஆகவே கீச்சிடும் புதுப் பொம்மை ஏதேனும் வாங்கினால் அதை வீட்டில் அமுக்கிப் பார்க்காமல் அப்படியே கலைஞரிடம் கொடுத்துவிடுங்கள்.

பதில்: தாழ்வாரம்

ஒளிநிழல் சொன்னதோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நீள முடியுள்ள எங்கள் நாய்க்குப் படமெடுப்பதற்கு முந்தைய நாள் முடி திருத்தக் கூட்டிச் சென்றோம். அவசரத்தில் கண்ணைச் சுற்றி மிகவும் ஒட்ட வெட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்த இடம் சிவந்து, அவள் காலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பும் ஏதோ வேறொரு நாயைப் போன்ற முகமும்தான் எனக்குத் தெரிகின்றன. கருப்பனுக்கு முடி வெட்டும் தேவை இருக்காது என்றாலும், நகம் வெட்டுவதாக இருந்தால்கூட ஒரு வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். நகம் சற்று ஆழமாக வெட்டுப்பட்டு நொண்டினாலும் ஆறுவதற்கு நாள் இருக்கும்.

பதில்: கால்நடை மருத்துவர்

ஃபிளாஷ் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். புகைப்பட ஃபிளாஷ் ஆரோக்கியமான கண்ணின் பார்வையைக் கெடுத்துவிடாது. உங்கள் படங்களில் தெரியும் பச்சைப் புள்ளிகளுக்குக் காரணம், நாய், பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள எதிரொளிக்கும் படலம். குறைந்த வெளிச்சத்தில் நன்றாகப் பார்ப்பதற்காக அமைந்த அந்தப் படலம், லென்ஸுக்கு மிக அருகிலிருந்து புறப்படும் ஒளியை அப்படியே லென்ஸுக்குத் திருப்பி அனுப்புகிறது. கைப்பேசியில் ஃபிளாஷும் லென்ஸும் ஒட்டியே இருப்பதால் அது தவிர்க்க முடியாதது. தொழில்முறைக் கலைஞர் விளக்கைத் தள்ளிப் பக்கவாட்டில் வைத்தாலோ சாளர ஒளியைப் பயன்படுத்தினாலோ அது வராது. இருப்பினும், இடிக்கு அஞ்சும் நாய்க்குத் திடீர் மின்னல் போன்ற வெளிச்சமே அச்சத்தைத் தூண்டலாம் என்பதால், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும்படி கேட்பதே நல்லது.

என் உண்மையான அக்கறை அவனுடைய பின்னங்கால்களைப் பற்றியது. 11 வயதில் உட்கார்ந்து எழத் தாமதிக்கும் நாய்க்கு மூட்டுவலி இருக்க வாய்ப்பு மிகுதி. "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல், இந்த மூன்று வாரத்துக்குள் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். படமெடுக்கும் நாளில் 'உட்கார், எழு' என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் எடுக்கட்டும். வழுவழுப்பான தரையில் வழுக்காத விரிப்பு ஒன்றை விரியுங்கள். நீங்கள் உட்கொள்ளும் வலி மாத்திரையை ஒருபோதும் அவனுக்குத் தராதீர்கள்; இபுபுரோஃபென் நாய்களுக்கு நஞ்சாகும், பாராசிட்டமால் சிறு அளவிலேயே பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். அமைதிப்படுத்தும் மருந்து எதையும் முதன்முறையாக அன்றைக்கே கொடுத்துப் பார்ப்பதும் கூடாது.

வயதான நாய்களின் கண்ணில் நீலம் பாய்ந்தாற்போல ஒரு மங்கல் தெரியும். அது பெரும்பாலும் வயதின் இயல்பான மாற்றம்தான். எனினும் கண்புரையாக இருக்கலாமா என்பதை அதே சந்திப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். படத்திலிருந்து அந்த மங்கலை நீக்கச் சொல்லாமல் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

படமெடுக்கும்போது தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உணவு இல்லாமலே உதட்டை நக்குவது, கண்ணின் வெண்மை பிறைபோலத் தெரியும்படி ஓரமாகப் பார்ப்பது, வாலை ஒடுக்குவது ஆகியவை தென்பட்டால் அவனுக்கு இடைவேளை தேவை என்று பொருள். வாய் திறந்து பல் தெரிவதைப் பலர் சிரிப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். முகத் தசைகள் இறுகி மூச்சு இரைத்தால் அது சிரிப்பன்று.

பதில்: பூனைவாசல்

சாம்புவைப் பற்றி யாரும் பேசவில்லையே! பூனையை எங்கும் கொண்டுபோகாதீர்கள், கலைஞரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பழக்கமில்லாத இடத்தில் பூனை முதலில் செய்வது ஒளிந்துகொள்வதுதான். வந்தவர் உடனே கேமராவை எடுக்காமல், பையைத் தரையில் வைத்துவிட்டுப் பத்து இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். சாம்பு தானாக வந்து அந்தப் பையை முகர்ந்து, கன்னத்தை உரசிவிட்டுப் போனால் வேலை பாதி முடிந்துவிட்டது. மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்வரை கேட்கும் என்றால், பூனையின் காது 60 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே கேட்கும். அதனால் உரத்த சத்தத்தைவிட, விரலால் தாளை மெல்லச் சுரண்டும் ஒலியே அதன் கண்களை விரியச் செய்யும். லேசர் புள்ளியைக் காட்டி ஓடவிட வேண்டாம். அது பிடிபடாத இரை, பூனை எரிச்சலோடு தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். அழகுக்காக லில்லி மலர்களை வைத்துவிடாதீர்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

1870களில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பூனைப் படங்களுக்காகவே பெயர்பெற்ற ஹாரி பாயிண்டர்கூட, விதவிதமான கோலங்களுக்குப் போவதற்கு முன் தூங்கும் பூனையையும் பால் குடிக்கும் பூனையையும் எடுத்துத்தான் தொடங்கினார். உங்கள் படத்துக்கும் அந்தத் தொடக்கம் போதுமானது. இருவரையும் சேர்த்து எடுக்க, ஏற்கெனவே அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் படுக்கும் இடம் ஏதேனும் இருந்தால் அங்கேயே எடுங்கள். இல்லையென்றால் கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்துத் தனித்தனியாக எடுத்து, பின்னர் இணைத்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்: நிலாமுற்றம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவரிடம் நாளைக்கே நேரம் வாங்கிவிட்டேன். கலைஞரையும் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். கிழக்குப் பார்த்த ஒரு பெரிய சாளரம் இருக்கிறது. அதன் கீழே ஓரம் கிழிந்த ஒரு பழைய சாக்கு விரிப்பில்தான் கருப்பன் காலை முழுவதும் படுத்திருப்பான். குளிர் நாட்களில் சாம்பு அவன் வயிற்றோடு ஒட்டிக்கொள்வாள். அந்த விரிப்பை மாற்றிப் புதிது வாங்கட்டுமா? நானும் ஒரு படத்தில் அவனோடு இருக்க விரும்புகிறேன், என்ன உடுத்துவது?

பதில்: ஒளிநிழல்

விரிப்பை மாற்றாதீர்கள், துவைக்கவும் வேண்டாம். அவனுடைய வாசனை அதில் இருக்கட்டும். கிழிந்த ஓரம் தெரிந்தாலும் அழகுதான், வேண்டாமென்றால் கலைஞர் கோணத்தை மாற்றிக்கொள்வார். சாளரத்தைச் சுற்றியுள்ள பொருள்களை மட்டும் முதல் நாளே அகற்றிவிடுங்கள்; அன்று காலையில் அறையைப் புரட்டினால் இருவரும் கலவரமடைவார்கள். கூரை விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையேல் மஞ்சள் ஒளியும் பகலொளியும் கலந்து நரைத்த முடிகள் அழுக்காகத் தெரியும். வெயில் நேராக உள்ளே விழுந்தால் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுங்கள்.

கறுப்பையும் பெரிய கட்டங்களையும் தவிர்த்து, மங்கிய வெளிர் நிறத்தில் உடுத்துங்கள். கறுப்பு உடையின் மேல் கருப்பனின் தலை காணாமல் போய்விடும். கேமராவைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்த நரைத்த முகவாயை உங்கள் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அவனையே பாருங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தாலும் நல்ல படங்கள் இருபது நிமிடத்துக்குள் கிடைத்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: நிலாமுற்றம்

இன்று பயிற்சியின் நான்காம் நாள். இரவல் வாங்கிய கேமராவைத் தரையில் வைத்ததும் கருப்பனே எழுந்து வந்து முகர்ந்தான். லென்ஸ் கண்ணாடியின் மேல் மூக்கின் ஈரத் தடம் வட்டமாகப் பதிந்திருக்கிறது. அறையின் மறுகோடியில் நின்று ஒரே ஒரு முறை 'கிளிக்' செய்தேன். இடது காது மட்டும் திரும்பியது, அவன் எழவில்லை.