கொரோனா டைம்ல வேலைக்குப் போனவங்களுக்கு எக்ஸ்ட்ரா காசு: மும்பைத் தமிழ் ஆளுங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

தாராவி கிராஸ் ரோடு

நேத்து ராத்திரி மச்சினன்கூட வீடியோ கால்ல ஒரே வாக்குவாதம். அவன் டொரன்டோ பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல வேல பாக்குறான். 2020ல ஏப்ரல் 24ல இருந்து ஆகஸ்ட் 13 வரைக்கும் ஒன்டாரியோ கவர்மென்ட் அவன மாதிரி ஆளுங்களுக்கு மணிக்கு 4 டாலர் சேத்துக் குடுத்துச்சாம், நெறைய மணி நேரம் பாத்தவங்களுக்கு அதுக்கு மேல மாசம் 250 டாலர் வேற. சொல்லிட்டு, "உங்க ஊர்ல தட்டு தட்டுனதோட கணக்க முடிச்சிட்டாங்கல்ல" ன்னு ஒரு நக்கல். எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. ஏன்னா அது முழுசா சரியும் இல்ல, முழுசா தப்பும் இல்ல.

இங்க மாநகராட்சி லாக்டவுன் ஆரம்பத்துல டூட்டிக்கு வந்தவங்களுக்கு ஒரு நாளைக்கு 300 ரூபா படி குடுத்துச்சு, பெஸ்ட்ங்கற இந்த ஊர் டவுன் பஸ் ஸ்டாஃபுக்கும் அதே 300. டாக்டர், நர்ஸ், வீடு வீடா வர்ற சுகாதார வேலை பாக்குற ஆஷா அக்காங்களுக்கெல்லாம் செத்தா 50 லட்சம் இன்ஷூரன்ஸ்னு டெல்லில அறிவிச்சாங்க. அதனால ஒன்னுமே குடுக்கலன்னு சொல்ல முடியாது. ஆனா எனக்கு மனசுல நிக்கிறது வேற ஒரு ஆளு.

எங்க கல்லி, அதான் சந்து, முனையில ஒரு பொதுக் கழிப்பிடம். மேல ஒரு பொட்டு ரூம்ல அத பாத்துக்குற வடநாட்டு பையா பொண்டாட்டி புள்ளையோட இருப்பாரு, உ.பி. ஜான்பூர் பக்கத்து ஆளு. தாராவில ரூமுக்குள்ள பாத்ரூம் இருக்கற வீடு எத்தன, உங்களுக்கே தெரியும். சனங்க பாதிக்கு மேல இந்த மாதிரி இடத்த நம்பித்தான் இருக்கு. 2020 ஏப்ரல் 1ல இங்க மொத கேஸ் வந்துச்சு, ரெண்டு சொச்சம் சதுர கிலோமீட்டர்ல இத்தன லட்சம் பேரு, அவ்வளவுதான் தாராவி காலின்னு டிவில பேசிட்டு இருந்தானுங்க. எல்லாரும் ஒரே கதவ தொட்டு ஒரே பைப்ப திறக்கணும், வியாதி பரவுறதுக்கு அதவிட வேற என்ன வேணும். அந்த பையா என்ன பண்ணாருன்னா, ஒவ்வொரு தாழ்ப்பாள்லயும் ஒரு துணிய வளையமா முடிஞ்சு விட்டாரு, முழங்கைய உள்ள விட்டு இழுத்தா கதவு திறக்கும், கை படாது. அந்தத் துணியெல்லாம் தெனம் ராத்திரி அவுத்து மருந்துத் தண்ணில முக்கி, காலைல மறுபடி கட்டுவாரு. மாநகராட்சி வண்டி வந்து மருந்து அடிச்சிட்டுப் போகும், உண்மைதான், ஆனா வண்டி போனப்புறம் மீதி பூரா நேரமும் பக்கெட்டும் துடைப்பமுமா நின்னது இவருதான். கிளவுஸ் கிழிஞ்சு போயி வெறுங்கையால ஹைப்போங்கற அந்த மருந்துத் தண்ணிய தொட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு வெள்ளையா இருக்கும், சில்லறைய வாங்கவே கைய நீட்ட மாட்டாரு, டப்பால போடுன்னு கண்ணால காட்டுவாரு.

அந்த வருஷம் ஜூலை 10 அன்னிக்கு உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் தாராவி பேர எடுத்து சொல்லி பாராட்டுனாரு. எங்க கல்லில ஒரே பெருமை, ஆளாளுக்கு ஸ்டேட்டஸ். ஆனா எங்க கழிப்பிட பையாவுக்கு அந்த 300 கிடையாது, ஏன்னா அவரு மாநகராட்சி ஆளு இல்ல, ஒரு மண்டல், அதான் ஏரியா சங்கம், வச்ச ஆளு. மண்டலுக்கு வருமானம் கழிப்பிடத்துக்கு குடும்பங்க கட்டுற ஃபேமிலி பாஸ் காசு. பாதி குடும்பம் ஊருக்கு ஓடிப் போச்சு, பாஸ் கட்ட ஆளு இல்ல, அதனால இவருக்குக் குடுக்குறத பாதியாக்கிட்டாங்க. வேல ரெண்டு மடங்கு, காசு பாதி. எந்த ரெஜிஸ்டர்லயும் பேர் இல்லாத ஆளுக்கு யாரு போனஸ் போடுவா? அதான் என் கேள்வி. நீங்க பாத்தத சொல்லுங்க.

செம்பூர் சிஸ்டர்

நான் நர்ஸ், சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அப்ப ஒரு ப்ரைவேட் ஆஸ்பத்திரில இருந்தேன், பேரு வேண்டாம். உடம்பு பூரா மூடுற பாதுகாப்பு கிட் போட்டா ஆறு மணி நேரம் கழட்ட முடியாது, தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, ஷிஃப்ட்டுக்கு முந்தி டயப்பர் கட்டிட்டு போன நாளெல்லாம் உண்டு. மே மாச மும்பை வெக்கைல ஏசி வேற ஆஃப். கிட் கழட்டுறப்ப கிளவுஸ தலகீழா பிடிச்சா வேர்வை சளசளன்னு கொட்டும். அத யார்ட்டயும் சொல்லி புரிய வைக்க முடியாது.

சரி காசு விஷயம். மொத அலைல எங்க கூட இருந்த பாதிப் பேரு பயந்து ஊருக்குப் போயிட்டாங்க, தப்பு சொல்ல மாட்டேன், வீட்ல அம்மா அப்பா அழுதா யாரு இருப்பா. ஆளு பத்தலன்னு மேனேஜ்மென்ட் புதுசா எடுத்தாங்க. எடுத்தவங்களுக்கு குடுத்த சம்பளம் எங்களுக்கு இருந்ததவிட ஏறக்குறைய டபுள்! ஒரே வார்டு, ஒரே பேஷன்ட், நான்தான் அந்தப் புள்ளைக்கு வென்டிலேட்டர் செட்டிங் சொல்லிக் குடுக்கேன், அவளுக்கு என்னவிட ரெண்டு மடங்கு. எங்களுக்கு? "இப்ப ஓபி இல்ல, ஆபரேஷன் இல்ல, வருமானம் இல்ல, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க"ன்னு அந்த மாசம் சம்பளத்துலயே பிடிச்சாங்க. போனவ எடத்துக்கு ஆளு எடுக்க காசு இருக்கு, போகாம நின்னவளுக்கு இல்ல. எனக்கு கோவம் வந்தது அதுக்குத்தான், கொரோனாவுக்கு இல்ல.

எங்க சித்தி பொண்ணு ஊர்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரில நர்ஸ். 2021 மே மாசம் ஸ்டாலின் முதல்வரா வந்ததும் டாக்டருக்கு 30,000, நர்ஸுக்கு 20,000, மத்த ஸ்டாஃபுக்கு 15,000ன்னு ஊக்கத்தொகை அறிவிச்சாங்க, ஏப்ரல் மே ஜூன் மூணு மாசத்துக்கும் சேத்து. அவளுக்கு அது வந்தப்ப போன் பண்ணி சொன்னா, சந்தோஷந்தான், ஆனா வயித்தெரிச்சல் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்.

பாண்டுப் வெஸ்ட்

எல்லாரும் திட்டப் போறீங்க, இருந்தாலும் சொல்றேன். நான் அப்ப மாட்டுங்கால ஒரு ஹோட்டல்ல சப்ளையர். மார்ச் 2020ல ஷட்டர இறக்குனாங்க, கைல ஏதோ கொஞ்சம் குடுத்து திறந்தா கூப்பிடுறோம்னு சொன்னாங்க. கூப்பிடவே இல்ல. ரூம் வாடகை, ஊர்ல லோன், ரேஷன் கார்டு தமிழ்நாட்டுல. யாரோ குடுத்த கிச்சடி பொட்டலத்துக்கு க்யூல நின்னுருக்கேன், முன்னாடி பின்னாடி எல்லாம் என்ன மாதிரி வெய்ட்டருங்க, டைலருங்க. அந்த நேரத்துல வேலைக்குப் போயி மாசச் சம்பளம் வாங்குனவன பாத்தா எனக்கு அவன் பாவம்னு தோணல, குடுத்து வச்சவன்னுதான் தோணுச்சு. அவனுக்கு சம்பளத்துக்கு மேல போனஸ், எனக்கு சம்பளமே இல்ல, எந்த ஊர் நியாயம்? கவர்மென்ட் கஜானால காசு இருந்தா மொதல்ல வெறும் வயித்துக்கு போடட்டும்.

தாராவி கிராஸ் ரோடு

பாண்டுப் அண்ணே, திட்டல. நீங்க சொல்றது வலிக்குது, ஆனா ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. உங்களுக்கு வேண்டியது நிவாரணம், அது வேற கணக்கு. நான் சொல்றது வேலைக்கான கூலி. ஒரு வேல திடீர்னு உயிருக்கு ஆபத்தான வேலையா மாறிடுச்சுன்னா அதோட வெல ஏறணும், அவ்வளவுதான். மருந்துக்கும் மாஸ்க்குக்கும் அந்த மாசம் வெல ஏறுனப்ப யாரும் தர்மம் பேசல. மனுஷன் ஒழைப்புக்கு மட்டும் ஏன் அதே ரேட்டு?

சயான் கோலிவாடா ஸ்டோர்ஸ்

நாங்க மளிகைக் கடை. யாரும் போனஸ் குடுக்கவும் வேண்டாம் கேக்கவும் இல்ல, வியாபாரம் நடந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. எங்களுக்குக் கெடச்சது "கோவிட் யோத்தா", அதான் கோவிட் வீரர், சர்டிஃபிகேட். லேமினேஷன் போட்டு கலர்ல. அதுல எங்க பேரு ஒரு எறும்பு சைஸ், குடுத்த தலைவர் படம் பாதி பக்கம், அவருக்கு மேல இன்னும் மூணு தலைவருங்க. கடைப் பையன் கேட்டான், அண்ணாச்சி இத காட்டுனா போலீஸ் விடுவானான்னு. ஹைவேல ஒரு தடவ காட்டிப் பாத்தான், லத்திய ஓங்கிட்டாங்க. 😂

அந்தப் பையனுக்கு நானே தெனம் கொஞ்சம் சேத்துக் குடுத்தேன், வீட்டு வீட்டுக்கு சாமான் கொண்டு போனது அவன்தான, நான் கல்லாவுக்குப் பின்னாடி பிளாஸ்டிக் ஷீட்ட கட்டிட்டு உக்காந்துருந்தேன். பில்டிங் ஆளுங்க அவன லிஃப்ட்ல ஏத்த மாட்டாங்க, ஏழாவது மாடிக்கு அரிசி மூட்டய படில தூக்கிட்டுப் போயி, வாசல்ல வச்சிட்டு தள்ளி நிக்கணும், அவங்க மொதல்ல மூட்ட மேல ஸ்ப்ரே அடிப்பாங்க, அப்புறம் நோட்ட தரைல போடுவாங்க. தட்டு தட்டுனதும் அதே பால்கனிங்கதான்.

வடாலா டிப்போ குடும்பம்

எங்கப்பா பெஸ்ட் டிரைவர், இப்ப ரிட்டயர்ட். லோக்கல் ட்ரெயின் நின்னு போச்சுல்ல, ஜூன் 15 வரைக்கும் எசென்ஷியல் ஸ்டாஃபுக்குக்கூட கிடையாது, அதுவரைக்கும் ஆஸ்பத்திரி ஆளுங்க, குப்ப வண்டிக்காரங்க, போலீஸ்காரங்க எல்லாத்தையும் சுமந்தது பஸ்தான். அந்த 300 எங்க வீட்டுக்கு வந்துச்சு, நல்லாவே உதவுச்சு, என் காலேஜ் ஃபீஸ் அதுலதான் கட்டுனோம். அதனால படி எதுக்குன்னு கேக்கறவங்க மேல எனக்குக் கோவம் வரும்.

ஆனா எங்க சால்ல, வரிசையா ஒத்த ரூமா இருக்கற பழைய மாடிக் கட்டடத்துல, நடந்தத சொல்லணும். அப்பா டூட்டி முடிஞ்சு வந்தா மாடி ஏறக் கூடாதுன்னு ரெண்டு வீட்டுக்காரங்க தகராறு. கீழ குழாயடில, எல்லாரும் பாக்க, அந்த வயசுல மனுஷன் டவல கட்டிட்டு குளிச்சிட்டுத்தான் மேல வரணும். அம்மா படில நின்னு ஒரு பக்கெட்ல சோப்புத் தண்ணி இறக்குவாங்க, யூனிஃபார்ம அதுல போட்டுட்டு வருவாரு. காசு குடுத்தா இதுக்கு ஈடாகுமான்னு கேட்டா ஆகாதுதான், ஆனா ஈடாகாதுங்கறதுக்காக காசும் குடுக்காம இருக்க முடியுமா?

அந்தேரி ஈஸ்ட் அக்கவுன்டன்ட்

கணக்குப் புள்ள புத்தி, மன்னிச்சிக்கோங்க. எல்லாருக்கும் குடுக்கணும்னு போனா என்ன ஆகும்னா, அமெரிக்கால மின்னசோட்டா மாநிலம் 2022ல 50 கோடி டாலர் ஒதுக்குச்சு, கடைக்காரங்க க்ளீனருங்கன்னு எல்லாரையும் சேத்தாங்க, 10 லட்சம் பேருக்கு மேல வந்துட்டாங்க, பிரிச்சா தலைக்கு 487 டாலர், ஒரு தடவ, முடிஞ்சுது. கம்மி பேருக்குன்னா ஒன்டாரியோ மாதிரி, ஆனா அங்கயும் சூப்பர் மார்க்கெட் ஆளுங்க கவர்மென்ட் லிஸ்ட்ல கிடையாது, முதலாளிங்களா பாத்துக் குடுத்த 2 டாலரயும் ஜூன் மாசமே நிறுத்திட்டானுங்க, கொரோனா என்ன ஜூன்லயா போச்சு? கலிஃபோர்னியால லாங் பீச்ல நகராட்சியே சட்டம் போட்டு கடைக்காரங்க மணிக்கு 4 டாலர் ஏத்திக் குடுக்கணும்னுச்சு, ஒரு பெரிய கம்பெனி அங்க ரெண்டு கடையவே மூடிட்டுப் போயிடுச்சு.

அதனால ஒரு தடவ குடுக்குற போனஸ்ல எனக்கு நம்பிக்க இல்ல. லீவும் அடிப்படைச் சம்பளமும் சரியா இருந்தாலே போதும். நம்ம ஆஷா அக்காங்கள பாருங்க, மாசம் 1,000 கோவிட் படின்னாங்க, 2021 ஜூன்ல மகாராஷ்டிரால ஸ்ட்ரைக் பண்ணித்தான் கொஞ்சம் ஏறுச்சு, 2022ல உலக சுகாதார நிறுவனம் அவார்டு குடுத்துச்சு, இன்னும் அவங்கள ஊழியர்னு சொல்லல, தன்னார்வலராம்.

தாராவி கிராஸ் ரோடு

அடிப்படைச் சம்பளம் சரியாகட்டும்னு காத்திருந்தா அந்த பையா பேரன் காலத்துக்கும் ஆகாது சார். அன்னிக்கு ஆபத்து அன்னிக்கு இருந்துச்சு, காசும் அன்னிக்கே வரணும். லிஸ்ட் எப்படிப் போடறதுன்னு கேக்காதீங்க, அதே வார்டுல வீடு வீடா காய்ச்சல் இருக்கான்னு லிஸ்ட் எடுத்தாங்க, கழிப்பிடம் எது எதுன்னு மருந்தடிக்க லிஸ்ட் எடுத்தாங்க. அங்க பக்கெட்டோட நிக்கறவன் பேரையும் ஒரு வரி எழுதுறதுக்கு எத்தன நிமிஷம் ஆகும்?

ஆன்டாப் ஹில்

பேர் எழுதுறதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்காகத்தான் டைப் பண்றேன். எங்க பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு ஆஸ்பத்திரில ஏஜென்சி மூலமா வார்டு பாய். பாடி கட்டுறது, சிலிண்டர் தள்ளுறது, எல்லாம் அவருதான். செகண்ட் வேவ்ல போயிட்டாரு. 50 லட்சம் ஸ்கீம்ல அப்ப ஏஜென்சி ஆளுங்களும் சேத்திதான், கோவிட் வேலைக்குப் போட்டிருந்தா. ஆனா போட்டிருந்தாங்கன்னு ஒரு லெட்டர் வேணும்னாங்க. ஆஸ்பத்திரி ஏஜென்சிய கேளுங்கன்னுது, ஏஜென்சி ஆஸ்பத்திரிய கேளுங்கன்னுது. அண்ணிக்கு இந்தி மராத்தி ரெண்டும் தடுமாறும், நாந்தான் கூடப் போவேன். 2021 ஜூன்ல ரூல மாத்தி கலெக்டர் சர்டிஃபை பண்ணா 48 மணி நேரத்துல இன்ஷூரன்ஸ் கம்பெனி முடிக்கணும்னு வந்துச்சு, சரின்னு அங்க போனா அவங்களும் மொதல்ல அந்த டூட்டி லெட்டர எங்கன்னுதான் கேட்டாங்க.

கடைசில எது உதவுச்சுன்னா, அவரு வார்டு சிஸ்டருக்கு தெனம் ராத்திரி வாட்ஸ்அப்ல நாளைக்கு எந்த ஷிஃப்ட்டுன்னு கேட்டு அவங்க பதில் போட்டிருந்தாங்க, அந்த சாட்ட பூரா பிரின்ட் எடுத்தோம். அந்த சிஸ்டரும் நல்ல மனசு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அத வச்சு மறுபடி குடுத்துருக்கு, ஃபைல் இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. உங்க வீட்ல ஏஜென்சி வேலைல யாராவது இருந்தா டூட்டி மெசேஜ எதையும் டெலீட் பண்ண விடாதீங்க, போன் மாத்துனாலும் பேக்கப் எடுத்து வைங்க.

செம்பூர் சிஸ்டர்

எந்த ஆஸ்பத்திரின்னு எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க அண்ணா, அங்க எங்க பேட்ச் பொண்ணு ஒருத்தி இருக்கா, பழைய டூட்டி ரோஸ்டர் கிடைக்குமான்னு கேக்குறேன்.