பரோலோ 2019: நிறம் வெளிறி, வாயெல்லாம் துவர்க்கிறது. போத்தல் கெட்டுவிட்டதா?

செங்காங்_சேகர்:
இத்தாலியின் பியட்மாண்ட் வட்டாரத்துச் சிவப்பு ஒயின் பரோலோ, 2019 அறுவடை, ஆல்கஹால் 14.5%. விலை 95 வெள்ளி. ஏர்கான் இல்லாத வரவேற்பறை அலமாரியில் இரண்டு மாதம் படுக்கவைத்திருந்தேன். திறந்தவுடன் ஊற்றினால் பாக்கு மென்ற மாதிரி ஈறை இழுக்கிறது, தொண்டையில் சாராய நெடி. நிறமும் வெளிறிக் கிடக்கிறது. சாப்பாட்டுக்கு மீன் தலைக்கறி. தீபாவளி விருந்துக்கு இன்னொரு போத்தல் மிச்சமிருக்கிறது. அதைக் கடையில் மாற்றிக் கேட்கலாமா?

நெபியோலோ_பித்தன்:
நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பரோலோவில் நெபியோலோ திராட்சை ஒன்றுதான் போடலாம், வேறு எதையும் கலக்கச் சட்டம் விடாது. அதன் தோலில் நிறமி குறைவு, இருப்பதும் சீக்கிரம் மங்கும் வகை. துவர்ப்பைத் தரும் டானின் மட்டும் ஏகத்துக்கு. அதனால் இளசிலேயே மாதுளை நிறம், வயதானால் ஓரத்தில் ஆரஞ்சு. கருப்பாக, கெட்டியாக ஒரு பரோலோ வந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

அறுவடை ஆண்டு நவம்பர் 1 முதல் 38 மாதம் வைத்திருந்த பிறகே விற்கலாம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். கூடுதல் காலம் வைத்திருக்கும் 'ரிசர்வா' வகை என்றால் 62 மாதம். அவ்வளவு வைத்தும் 2019 இன்னும் பச்சைப்பிள்ளை. டானினும் புளிப்பும் அழுத்தமாக நிற்கும் ஆண்டு அது. லேபிளில் ஊர் பெயர் இருக்கிறதா பாருங்கள். லா மோரா, பரோலோ (அந்தப் பெயரில் ஊரும் உண்டு) பக்கத்து மண்ணில் வாசம் முந்தி வரும், வாயில் மிருது. செர்ராலுங்கா, மொன்ஃபோர்த்தே என்றால் இறுக்கம் அதிகம், பத்து வருடம் கேட்கும். ரோஜா, தார், செர்ரி, காய்ந்த மூலிகை, கொஞ்சம் அதிமதுரம்: இவைதான் தேட வேண்டிய வாசங்கள்.

தேக்கா_தாகம்:
பாதிக் குற்றம் வெப்பத்தின் மேல். 30 டிகிரி அறையில் இருந்த ஒயினை அப்படியே ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், ரோஜாவெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துவிடும். 'அறை வெப்பநிலையில் பரிமாறு' என்பது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டுக் கணக்கு, சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு ஒத்துவராது. 16 முதல் 18 டிகிரிக்குள் குடிக்க வேண்டும். ரொம்பக் குளிர்ந்தாலும் ஆபத்து, 14-க்குக் கீழே துவர்ப்பு இன்னும் முரடாகும்.

விருந்துக்கு முந்தின நாளே போத்தலை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் தங்கட்டும். மூன்று மணி நேரம் முன்னதாகத் திறந்து அகன்ற கண்ணாடி ஜக்கில் ஊற்றுங்கள் (சோப்பு வாசம் இருக்கவே கூடாது). கடைசி இரண்டு விரல் மண்டியை விட்டுவிடுங்கள். கார்க்கை மட்டும் பிடுங்கி வைப்பதால் பயனில்லை, கழுத்தில் காற்றுப்படும் இடம் ஒரு காசு அளவுதான். ஜக் மேசையிலேயே நின்றால் மறுபடி சூடேறும். ஆகவே ஒன்றரை மணி நேரம் கழித்து, தண்ணீர் விட்டு அலசிய அதே போத்தலில் திருப்பி ஊற்றி, விருந்து தொடங்கும்வரை குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். அவசரமென்றால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் வாளியில் பத்து நிமிடம். வயிறு பெருத்த பெரிய கிளாஸில் 100 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம், மேசையில் நிமிடத்துக்கு நிமிடம் சூடேறும்.

இருபது வருடத்துப் போத்தலுக்கு இந்த வைத்தியம் செய்துவிடாதீர்கள், இருக்கிற வாசமும் பறந்துவிடும். அதற்கு மண்டி பிரித்து உடனே குடிப்பதுதான்.

உப்பு_மிளகு:
மீன் தலைக்கறியோடு டானின் ஒயினா? நல்ல ஒயினுக்குக் கெட்ட ஜோடி! மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் ஏற்றிவிடும், துவர்ப்பும் கூடத் தெரியும். மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்பு வாடை வேறு. டானின் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கறியும் கொழுப்பும் வாயில் இருந்தால் அது அங்கே போய் ஒட்டும். மட்டன் சுக்கா செய்யுங்கள்: வற்றல் மிளகாயைக் குறைத்து மிளகு, சோம்பு, நல்ல உப்பு. தேங்காய் அரைத்த குருமாவும் சரி. சைவத்துக்குக் காளானை நெய்யில் சிவக்க வதக்கினால் நெபியோலோவின் மண்வாசத்தோடு நன்றாகப் போகும். ரசத்தை ஒயின் முடிந்த பிறகு ஊற்றுங்கள்.

செங்காங்_சேகர்:
நன்றி. அப்படியானால் மிச்சமுள்ள போத்தல் வெப்பத்தில் கெட்டிருக்குமா? எப்படித் தெரியும்?

நெபியோலோ_பித்தன்:
கார்க் வாயை விட்டு மேலே துருத்தியிருந்தாலோ, மூடியுறைக்குள் ஒயின் கசிந்த தடம் இருந்தாலோ சந்தேகம். திறந்ததும் பழப்பாகு காய்ச்சிய வாசம் வந்து, புதுப்பழ மணமே இல்லையென்றால் வெந்துவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் வேறு கோளாறு, கார்க்கில் வரும் டிசிஏ என்ற ரசாயனம். எவ்வளவு நேரம் காற்றாட விட்டாலும் அது போகாது. அதற்கு மாற்றிக் கேட்கலாம், மீதி ஒயினை ஊற்றிவிடாமல் எடுத்துப் போங்கள். நீங்கள் எழுதியதில் இரண்டும் இல்லை. துவர்க்கிறது என்பதற்காகக் கடைக்காரர் மாற்றித் தரமாட்டார். ஒயின் பெட்டி இல்லையென்றால் இன்றே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்கவையுங்கள், தீபாவளி வரை தாங்கும்.

தேக்கா_தாகம்:
95 வெள்ளியில் தீர்வையே 9.57 (ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி), ஜிஎஸ்டி தனி. வெளிநாடு போய்வந்தால் சாங்கி விமான நிலையத்தில் வாங்கலாம். 48 மணி நேரம் வெளியே இருந்து, மதுவகையில் வேறெதுவும் எடுக்காவிட்டால் 2 லிட்டர் ஒயினுக்குத் தீர்வை இல்லை, அதாவது இரண்டு போத்தல். ஜொகூர் போய்வந்தால் இந்தச் சலுகை கிடையாது.