கடல் ஓதத்துக்குக் கதவு போட்டால் மழைநீர் எங்கே போகும்?

கேள்வி: மொடக்குறிச்சி விவசாயி

காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் நெல்லும் பயிரிடுகிற குடும்பம் எங்களுடையது. பவானியில் 1283-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையிலிருந்து வருகிற அந்த வாய்க்காலில், மதகைத் திறந்தால் தண்ணீர் கீழே போகும், அடைத்தால் நிற்கும். வேறு சிக்கல் எதுவும் நாங்கள் கண்டதில்லை.

சென்னையில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிக் குடியிருக்கும் என் மகள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதாகவும், கடல் நீரை உள்வாங்கவில்லை என்று எல்லோரும் சொல்வதாகவும் தொலைபேசியில் தெரிவித்தாள். அக்கால்வாய் கடலில் சேரும் முட்டுக்காடு முகத்துவாரத்தில், நம் காவிரியில் உள்ள ஊராட்சிக்கோட்டை, வெண்டிபாளையம் கதவணைகளைப் போல ஷட்டர் அமைத்துக் கடலை வெளியிலேயே நிறுத்திவிட முடியாதா? விவரம் தெரிந்த அய்யாமார்கள் விளக்க வேண்டும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர், கோபி

நிறுத்த முடியும். ஆனால், கடலை நிறுத்துகிற அதே கதவு மழைநீரையும் உள்ளே நிறுத்திவிடும் என்பதுதான் இதில் உள்ள முடிச்சு.

காவிரிக் கதவணையில் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வருகிறது. முகத்துவாரத்திலோ, ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்குகிறது. சென்னைக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான் என்றாலும், புயல் காற்று கடலைக் கரைமேல் தள்ளும்போது அது இன்னும் உயரும். ஒரு கணக்கு பாருங்கள்: கால்வாயில் வினாடிக்கு 10,000 கன அடி வருகிறது என்று வைத்துக்கொண்டு, ஓதம் வடியும்வரை ஆறு மணி நேரம் கதவை அடைத்தால் 21.6 கோடி கன அடி, அதாவது கால் டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவான நீர், உள்ளேயே தேங்கும். அதைத் தாங்க ஏரியோ சதுப்பு நிலமோ இருக்க வேண்டும். இல்லையென்றால் ராட்சத மோட்டார் வைத்துக் கதவுக்கு மேலாக இறைத்துக் கடலில் விட வேண்டும். தென்சென்னையில் அந்த நீரைத் தாங்கிய பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி இன்று கட்டடமாகிவிட்டது.

நெதர்லாந்தில் ரோட்டர்டாம் துறைமுகத்துக்காக 19-ஆம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாயில், 1997 முதல் மாஸ்லாண்ட் தடுப்பு இயங்குகிறது. ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுள்ள இரண்டு வளைந்த கதவுகள், கரையோர உலர்துறையிலிருந்து மிதந்து வந்து நடுவில் சேர்ந்து, நீர் நிரப்பப்பட்டு அடியில் அமரும். உள்ளே ஆற்றுநீர் கடல்மட்டத்தைத் தாண்டினால் கதவுகளை மறுபடி மிதக்கவிட்டு நீரை வெளியேற்றுவார்கள். ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடந்து, கடல் பொங்கும் ஓரிரு நாளுக்கு மட்டும் மூடப்படுவது அது. அங்கே பகை கடல். உங்கள் மகள் வீட்டில் பகை மழை.

(பக்கிங்காம் கால்வாயிலும் முன்பு லாக் மதகுகள் இருந்தன; ஆனால் அவை படகுகளுக்காக நீர்மட்டத்தைப் பிடித்து வைத்தவை, வெள்ளத்துக்காக அல்ல.)

மறுமொழி: கோவை, பொள்ளாச்சி சாலை

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் இதற்கு உதாரணம் இருக்கிறது. வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பை 1970-களில் கட்டினார்கள். கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயல்களுக்குள் கோடையில் உப்பு ஏறாமல் காப்பதே நோக்கம். நெல் பிழைத்தது, ஆனால் அடைத்த மாதங்களில் நீரோட்டம் நின்று ஆகாயத்தாமரை மண்டியது, உவர்நீருக்கும் நன்னீருக்கும் இடையே போய்வரும் இறாலும் மீனும் குறைந்தன. எப்போது திறப்பது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் அங்கே ஆண்டுதோறும் வழக்குத்தான்.

மறுமொழி: சென்னிமலை

அவ்வளவு தூரம் போக வேண்டாம் அண்ணா, நம் ஒரத்துப்பாளையத்தைப் பாருங்கள். 1992-இல் பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் பக்கத்துக் கிணறுகளையும் கெடுத்தது. சாக்கடை ஓடும் கால்வாயை அடைத்தால் என்ன ஆகும் என்று நொய்யல் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மொடக்குறிச்சி விவசாயி

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால், நீர் வெளியே போகட்டும், உள்ளே வர வேண்டாம் என்கிற மாதிரி ஒருவழிக் கதவு கிடையாதா அய்யா?

கோபி பொறியாளர்

உண்டு. உங்கள் கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு போன்றதுதான்: மேலே கீல் வைத்துத் தொங்கவிட்ட தகடு, உள்நீர் உயர்ந்தால் தானே திறக்கும், கடல் உயர்ந்தால் தானே சாத்திக்கொள்ளும். தெரு மழைநீர் வடிகால் கால்வாயில் சேரும் வாயில் இதை வைத்தால், கால்வாய் நிரம்பும்போது அது தெருவுக்குள் எதிர்த்து ஏறுவதாவது நிற்கும். ஆனால் ஃபுட் வால்வில் ஒரு சருகு சிக்கினாலே தண்ணீர் இறங்கிவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வடிகால்களில் வருவது சருகு அல்ல, தெர்மாகோலும் பிளாஸ்டிக் பையும் பழைய மெத்தையும். ஆகவே கதவு கேட்பதற்கு முன், மகளின் தெரு வடிகால் கால்வாயில் சேரும் இடம் எது, அதன் அடிமட்டம் ஓத உயரத்துக்கு மேலா கீழா என்று அங்குள்ள பொறியாளரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.