மறு: 'வலைத்தள உருவாக்கி'க்கு மாற்றாகத் 'தளவாக்கி'

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கையேட்டில் 'வெப்சைட் பில்டர்' என்பதை இதுவரை 'வலைத்தள உருவாக்கி' என்றே எழுதிவருகிறோம். அது தளத்தை உருவாக்கும் ஆளையும் குறிக்கிறது. ஜெகில், ஹியூகோ போன்ற கட்டளைவரிக் கருவிகளையும் குறிக்கிறது. நிரல் தெரியாதவர் பெயரை நம்பி ஜெகிலைத் தொட்டால் அதற்கு வேண்டிய ரூபி என்ற நிரல்மொழியை நிறுவும் படியிலேயே நின்றுவிடுவார். 'தளவமைப்பி'யும் ஒத்துவராது, தளவமைப்பு என்றால் லேஅவுட் என்று நிலைத்துவிட்டது. மின்னாக்கி, குளிராக்கி வரிசையில் 'தளவாக்கி' என்று முன்மொழிகிறேன். விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், வேர்ட்பிரஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாக வைக்கலாமா?

----

> எல்லாவற்றுக்கும் பொதுவாக வைக்கலாமா?

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் நாமே நிறுவிக்கொள்ளும் வேர்ட்பிரஸை இதில் சேர்க்க வேண்டாம். அதற்கு 'உள்ளடக்க மேலாண்மை அமைப்பு' (சிஎம்எஸ்) என்ற சொல் இருக்கிறது. செலவும் உழைப்பும் பிரிவது இந்த இடத்தில்தான்.

விக்ஸ் போன்றவற்றில் கருவியும் வழங்கி (சர்வர்) இடமும் ஒரே சந்தாவில் வரும். இழுத்துப்போட்டால் பக்கம் தயார். பாதுகாப்பு இற்றைகளை (அப்டேட்) அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு வழங்கியில் வைக்க முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸ் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுமதி செய்யும். வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம். இடுகைகளையும் பக்கங்களையும் எக்ஸ்எம்எல் கோப்பாக எடுக்கலாம். வழங்கி இடம், காப்புநகல், செருகுநிரல் (பிளகின்) இற்றை எல்லாம் நம் தலையில். இற்றைப்படுத்தாத செருகுநிரல் வழியாகத்தான் பெரும்பாலும் தளத்துக்குள் புகுந்துவிடுகிறார்கள்.

ஆகவே கையேட்டில் சொல்லுக்குக் கீழேயே தேர்வுமுறையும் வரட்டும். முதலாண்டுத் தள்ளுபடியைப் பார்க்காமல் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பார்த்து மூன்றாண்டுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். இலவசத் திட்டத்தில் பொதுவாக அவர்கள் பெயர் ஒட்டிய முகவரிதான் கிடைக்கும், விளம்பரமும் வரலாம். ஆள்களப் பெயரை (டொமைன்) தனிப் பதிவாளரிடம் வாங்குவது நல்லது. சேவையை மாற்றினாலும் முகவரி நம் கையில் இருக்கும். பணம் கட்டும் முன் சோதனைக் கணக்கில் மூன்று பக்கம் கட்டி, கைப்பேசியில் திறந்து, ஏற்றுமதிப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

தமிழில் தளம் வைப்பவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. முகவரியில் வரும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறியீட்டில் (த என்பது %E0%AE%A4 ஆவதுபோல) 9 எழுத்தாகும். 'தொடர்புக்கு' என்பதில் த, ொ, ட, ர, ், ப, ு, க, ், க, ு என்று 11 குறிகள். ஆக 99 எழுத்து. முகவரியில் தலைப்பிலிருந்து உருவாகும் பகுதிக்கு வேர்ட்பிரஸ் 200 எழுத்துதான் தருகிறது. நீளமான தலைப்பு 22 குறிகளோடு வெட்டுப்படும், சில வேளை மெய்யின் புள்ளி கழன்றுவிடும். முகவரியை மட்டும் கையால் சுருக்கித் தரச் சொல்லுங்கள்.

என் வரைவு:

தளவாக்கி (பெ.) – நிரல் எழுதாமல் உலாவியிலேயே இணையத்தளம் அமைக்கவும், அதே நிறுவனத்தின் வழங்கியில் வெளியிடவும் உதவும் சந்தாச் சேவை. ஒப்பிடுக: உள்ளடக்க மேலாண்மை அமைப்பு.

'சந்தா' என்பது இலவசத் திட்டத்தை விலக்குமானால் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடலாம்.