டிரான்ஸ்மெட்டலேஷன்: 'தொகுதிப் பெயர்ப்பு' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் வேதியியல் கலைச்சொல் பட்டியலுக்காக வந்த ஒரு கருத்துக்கு இது பதில்:

> டிரான்ஸ்மெட்டலேஷனுக்கு 'உலோகமாற்றம்' போதுமே.

போதாது என்றே நினைக்கிறேன், ஐயா. அந்தச் சொல்லைக் கேட்கும் மாணவருக்கு ஓர் உலோகம் வேறோர் உலோகமாக ஆகிவிடுவது போலத் தோன்றும். உண்மையில் கரிமத் தொகுதிதான் (கார்பன் அடங்கிய அணுக்கூட்டம்) ஓர் அணுவை விட்டு வினையூக்கியான உலோகத்துக்குப் போகிறது. கீழே சொல்லும் வினைகளில் அது விட்டுவரும் போரானோ உலோகமே இல்லை.

ஜப்பானிய வேதியியலாளர்கள் சுசுகியும் மியாவுராவும் 1979-இல் வெளியிட்ட வினையில், தொகுதி தன் பிணைப்பின் இரண்டு எலக்ட்ரான்களோடும் போரானிலிருந்து பல்லேடியத்துக்குப் போகிறது. இதற்கு 'கைமாறல்' அழகாகப் பொருந்தும். நானும் முதலில் அதைத்தான் குறித்து வைத்திருந்தேன். ஆனால் 2014-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் மோலண்டரின் குழு செய்த வினை அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

அவர்கள் பென்சைல் டிரைபுளோரோபோரேட்டையும் (போரானில் பென்சைல் தொகுதி ஒட்டியிருக்கும் உப்பு) அரைல் புரோமைடையும் (பென்சீன் போன்ற வளையத்தில் புரோமின் ஒட்டியிருக்கும் சேர்மம்), சிறிதளவு இரிடியம், நிக்கல் சேர்மங்களோடு கலந்து, அறை வெப்பநிலையில் ஒரு சி.எஃப்.எல். விளக்கின் வெளிச்சத்தில் வைத்தார்கள். ஒளியை வாங்கிய இரிடியம், போரேட்டிடமிருந்து ஒரே ஓர் எலக்ட்ரானைப் பறிக்கிறது. கார்பன்-போரான் பிணைப்பு அறுகிறது. பென்சைல் தொகுதி தனி உறுப்பாக (ஃப்ரீ ராடிக்கல், அதாவது இணையில்லாத ஓர் எலக்ட்ரானோடு) கரைசலில் கொஞ்ச நேரம் திரிந்துவிட்டு நிக்கலில் போய் உட்காருகிறது. பல்லேடியத்துக்கு நேராகப் போகச் சுணங்கும் இத்தகைய தொகுதிகள் இந்த வழியில் எளிதாகப் போய்விடுகின்றன. இதன் சிறப்பே அதுதான். ஆனால் நடுவழியில் தொகுதி யார் கையிலும் இல்லை. அப்புறம் எப்படிக் கைமாறல் என்பது?

ஒரு செடியைப் பெயர்த்து நடும்போது, வேர் மண்ணோடு வந்தாலும் பெயர்த்தல்தான், மண் உதிர்ந்து வெறும் வேராக வந்தாலும் பெயர்த்தல்தான். இரண்டு வழிக்கும் பொதுவாக 'தொகுதிப் பெயர்ப்பு' என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. ஒளியால் நடப்பதை வெறுமனே 'ஓரெலக்ட்ரான் பெயர்ப்பு' என்று சுருக்கக் கூடாது. பெயர்வது எலக்ட்ரான் என்று ஆகிவிடும். 'ஓரெலக்ட்ரான்வழித் தொகுதிப் பெயர்ப்பு' என்பது நீளம்தான், ஆனால் குழப்பாது.

இன்னும் இரண்டு சொற்கள். மேலே சொன்ன இரு வினைகளுக்கும் பொதுப் பெயரான கிராஸ் கப்ளிங்கை 'குறுக்குப் பிணைப்பு' என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். ரப்பரில் கந்தகம் சங்கிலிகளுக்கு இடையே போடும் பாலத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. இங்கே இரு வேறு துண்டுகள் ஒன்று சேர்கின்றன. 'கலப்பிணைவு' சரியாக இருக்கும்.

மேலே இரிடியம் செய்ததுபோல ஒளியை வாங்கி எலக்ட்ரானை இடம் மாற்றும் போட்டோரெடாக்ஸுக்கு நம் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் 'ஒளி ஆக்சிஜனேற்ற ஒடுக்கம்' என்றுதான் சொல்ல வேண்டிவரும். வகுப்பில் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். இலங்கை வழக்கில் 'தாழ்த்தேற்றம்' என்று ஒரே சொல் இருக்கிறது. 'ஒளித்தாழ்த்தேற்ற வினையூக்கம்' என்று நாமும் எடுத்துக்கொள்ளலாமே? அங்கே வினையூக்கியை 'ஊக்கி' என்பார்கள். அப்படியானால் 'ஒளித்தாழ்த்தேற்ற ஊக்கம்' என்றே சுருக்கிவிடலாமா, வேறு பொருள் தட்டுமா என்பதை அந்த வழக்கில் படித்தவர்கள் சொன்னால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்