எயார் ஃபிரையரில் மாட்டிறைச்சி ஜேர்க்கி: இந்த மழையில் சரிவருமா?

ஹட்டன்பனி

எல்லாருக்கும் வணக்கம். அக்கா துபாயில் இருந்து வந்தபோது எயார் ஃபிரையர் ஒன்று கொண்டுவந்து தந்தார். எனக்கு ராத்திரி வேலை. நடுச்சாமத்தில் பசிக்கும், பிஸ்கட் தின்று அலுத்துவிட்டது, அதனால் பையில் போட்டுக்கொண்டு போய் அப்படியே மெல்லக்கூடிய மாட்டிறைச்சி ஜேர்க்கி, அதாவது மசாலாவில் ஊறவைத்துக் காயவைத்த இறைச்சித் துண்டு, செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். இரண்டு தரமும் பிழைத்துவிட்டது.

முதல் தரம் கோழி பொரிப்பதைப் போல 180இல் வைத்தேன். வெளியே கருகி ஓடு மாதிரி ஆகிவிட்டது, பிய்த்துப் பார்த்தால் உள்ளே ஈரம். இரண்டாம் தரம் 80இல் இரண்டு மணித்தியாலம் வைத்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சூட்டோடு போத்தலில் போட்டு மூடி அலுமாரியில் வைத்தேன். நாலாம் நாள் திறந்தால் வெள்ளைப் பூஞ்சணம். ஒரு கிலோ இறைச்சியை அப்படியே குழி தோண்டிப் புதைத்தேன், இன்றைக்கு இறைச்சி விற்கிற விலையில் மனசு விட்டுப்போனது.

எத்தனை பாகை, எவ்வளவு நேரம்? இங்கே ஒரு வாரமாக மழையும் பனியும், துணியே காயவில்லை, அதுதான் காரணமா? சிலர் முதலில் அவிக்க வேண்டும் என்கிறார்கள், சிலர் தேவையில்லை என்கிறார்கள். செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

கம்பளை உம்மா

மகன், நான் எயார் ஃபிரையர் வாங்கி ஒரு வருசம்தான் ஆகிறது, ஆனால் இறைச்சி காயவைக்கிற வேலை சின்ன வயசில் இருந்து தெரியும். ஹஜ் பெருநாளைக்கு வீட்டில் இறைச்சி சேரும், அந்தக் காலத்தில் ஃபிரிட்ஜ் இல்லை, உம்மம்மா நீளநீளமாக வெட்டி உப்பும் மஞ்சளும் மிளகும் கொறுக்காப்புளியும் தடவி, வெயில் இருந்தால் முற்றத்தில் கயிற்றில் கோப்பார், மழை என்றால் விறகடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார். உப்புக்கண்டம் அப்படித்தான் செய்தோம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லித்தான் பலபேர் அவிக்கத் தேவையில்லை என்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உப்புக்கண்டத்தை எடுத்து யாரும் அப்படியே தின்னவில்லை. ஊறவைத்து, தட்டி, நன்றாகப் பொரித்தோ கறி ஆக்கியோதான் சாப்பிட்டோம். நெருப்பு கடைசியில் பட்டது. நீங்கள் பையில் இருந்து எடுத்து நேரே வாயில் போடப்போகிறீர்கள், அதனால் அந்த நெருப்பை முதலிலேயே காட்டிவிட வேண்டும்.

நான் செய்கிற விதம் சொல்கிறேன். கொழுப்பே இல்லாத தொடைச்சதை ஒரு கிலோ. கொழுப்பு காயாது, சிக்கு வாடை வந்து மிச்சத்தையும் கெடுக்கும், அதனால் வெள்ளையாகத் தெரிகிற எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள். 5 மில்லிமீற்றர் கனம், அதற்கு மேல் போகக்கூடாது. அரைக் கோப்பை சோயா சோஸ், இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி, ஒரு மேசைக்கரண்டி சீனி, இடித்த மிளகு, உள்ளி, கொச்சிக்காய்த்தூள் உங்கள் காரத்துக்கு. சோயா சோஸிலேயே உப்பு இருக்கிறது, நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் மேலே உப்பு போட வேண்டும். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் ஊறட்டும். காலையில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து ஊறல் தண்ணீரோடே அடுப்பில் ஏற்றி, கொதித்த பிறகு ஐந்து நிமிசம் விட்டு எடுத்து, துணியால் ஒற்றி, அப்புறம்தான் கூடை.

தலவாக்கலை ட்ரையர்

உம்மா சொன்னதுதான் சரி. ஏன் என்பதை நான் சொல்கிறேன், தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையருக்குப் பக்கத்தில் நின்று பதினொரு வருசம் ஆகிறது, காயவைப்பதுதான் என் சாப்பாடு.

தம்பி, மெசினில் 70 என்று போட்டால் காற்றுதான் 70, இறைச்சி இல்லை. ஈரம் ஆவியாகிப் போகும்போது இறைச்சியைக் குளிர வைத்துக்கொண்டே போகும், வேர்வை காயும்போது உடம்பு குளிர்கிற மாதிரி. முதல் சில மணித்தியாலம் உள்ளே வெதுவெதுப்புதான், சல்மனெல்லா, ஈ கோலை போன்ற கிருமிகள் சாகாது. காய்ந்துபோன பிறகு சூட்டை ஏற்றினாலும் அவை ஈரமாக இருந்தபோது செத்ததைப் போல லேசில் சாகாது. அதனால்தான் மாட்டிறைச்சியின் நடுப்பகுதி முதலில் 71 பாகை செல்சியஸைத் தொட வேண்டும், பிறகு 55 முதல் 60க்குள் காற்றில் காயலாம் என்று அமெரிக்க விவசாயத் திணைக்களமும் சொல்கிறது. நம் மலைநாட்டு உயரத்தில் தண்ணீர் 100க்கு முன்னமே கொதிக்கும், நுவரெலியாவில் 94 அளவில். பருப்பு வேக நேரம் எடுக்கும், ஆனால் 71ஐத் தாண்ட அது தாராளம். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் தரம் பிழைத்ததை நான் தேயிலையிலும் பார்த்திருக்கிறேன். ட்ரையரில் சூடு கூடினால் தூளின் வெளிப்பக்கம் இறுகிவிடும், உள்ளே இருக்கிற ஈரத்துக்கு வெளியே வர வழி இருக்காது. கொழுந்தை நாங்கள் 12 முதல் 18 மணித்தியாலம் காற்று ஓடவிட்டு வாட்டுவது சும்மா இல்லை. இறைச்சிக்கும் காற்றுதான் முக்கியம், சூடு இரண்டாம் பட்சம். கூடையில் ஒன்றன்மேல் ஒன்று போடாதீர்கள், துண்டுக்குத் துண்டு இடைவெளி வேண்டும். ஒரு கிலோ ஒரே தரத்தில் கொள்ளாது, மூன்று தரமாகப் பிரியுங்கள், காத்திருக்கிறது ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

ஹட்டன்பனி

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. என் மெசின் 80க்குக் கீழே இறங்காது. சூடு குறையட்டும் என்று கூடையைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்துப் பார்த்தேன், உடனே நின்றுவிட்டது. கரண்ட் பில்லும் யோசனையாக இருக்கிறது.

தலவாக்கலை ட்ரையர்

நின்றால் விட்டுவிடுங்கள், குச்சி வைத்து ஏமாற்ற வேண்டாம். அவித்த துண்டு என்றால் 80இலும் செய்யலாம், கொஞ்சம் மொறுமொறுப்பாக வரும், அவ்வளவுதான். அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் திறந்து புரட்டுங்கள், அந்த நேரத்தில் உள்ளே நிற்கிற நீராவியும் வெளியே போகும். ஒன்றரை மணித்தியாலத்தில் இருந்து பார்க்கத் தொடங்குங்கள். ஒரு துண்டை எடுத்து ஆறவிட்டு வளைத்துப் பாருங்கள்: மேலே நார் வெடிக்க வேண்டும், ஆனால் இரண்டாக ஒடியக்கூடாது, பிதுக்கினால் ஈரம் வரக்கூடாது. சூட்டோடு வளைத்தால் எல்லாம் மெதுவாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடுவீர்கள். 1500 வாட் என்று எழுதியிருந்தாலும் இந்தச் சூட்டில் ஹீட்டர் அணைந்து அணைந்துதான் எரியும், நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பில் ஏறாது.

பூஞ்சணத்துக்கு மழை பாதிக் காரணம். மற்றப் பாதி சூட்டோடு மூடியது, மூடியில் வேர்த்து அந்தத் தண்ணீர் திரும்ப இறைச்சியில் விழுந்திருக்கும். நன்றாக ஆறவிட்டு, ஒரு ராத்திரி வேலைக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் சின்னச் சின்னப் பைகளில் காற்றை நசுக்கி எடுத்துக் கட்டுங்கள். பெரிய போத்தலை ஒவ்வொரு தரமும் திறந்தால் ஹட்டன் பனி முழுக்க உள்ளே போகும். நன்றாகக் காய்ந்தது வெளியில் இரண்டு வாரம் இருக்கும் என்பார்கள், நம் பக்கத்து ஈரத்துக்கு நான் ஃபிரிட்ஜில்தான் வைப்பேன், கூட நாள் என்றால் ஃப்ரீசர்.

கொட்டகலை வாசகி

எங்கள் வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை. இதே விதமாகக் கோழியில் செய்யலாமா உம்மா?

கம்பளை உம்மா

செய்யலாம் மகள், நெஞ்சுச்சதை எடுங்கள், தோலும் கொழுப்பும் வேண்டாம். ஆனால் கோழிக்கு 71 போதாது, 74 தொட வேண்டும். மாட்டைவிடச் சீக்கிரம் காயும், பக்கத்திலேயே இருங்கள்.

ஹட்டன் மகனுக்கு இன்னொன்று, போயா (பௌர்ணமி விடுமுறை) அன்றைக்கு இறைச்சிக்கடை பூட்டு, முதல்நாளே வாங்கி வையுங்கள். வாங்கினதை ஒரு மணித்தியாலம் ஃப்ரீசரில் வைத்துப் பாதி இறுகின பிறகு வெட்டினால் கத்தி வழுக்காது, கனமும் ஒரே அளவாக வரும். நாருக்குக் குறுக்கே வெட்டினால் பல்லுக்கு இலேசு, நாரோடு வெட்டினால் நெடுநேரம் மெல்லலாம். ராத்திரி வேலைக்கு நித்திரை வராமல் இருக்க நாரோடு வெட்டுவதுதான் நல்லது.